சராசரி சொல்லாத மழை

அன்புள்ள தங்கைக்கு,

பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் 'பரவல் அளவைகள்' பகுதியை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்து மூடிவிடாதே. மானாவாரி நிலத்தில் விதைக்கிற ஒருவருக்குச் சராசரி மழையை விட அவசியமான செய்தி அங்கேதான் இருக்கிறது.

கணக்குக்காக இரண்டு ஊர்களை வைத்துக்கொள். முதல் ஊரில் ஐந்து வாரங்களில் பெய்த மழை 48, 50, 52, 49, 51 மில்லிமீட்டர். அடுத்த ஊரில் 10, 90, 30, 70, 50. இரண்டுக்கும் சராசரி 50தான். ஆனால் அடுத்த ஊரில் ஒரு வாரம் பயிர் வாடும், மறுவாரம் வயலில் தண்ணீர் தேங்கும்.

இதைச் சட்டென்று காட்டுவது வீச்சு. பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்தால் முதல் ஊருக்கு 4, அடுத்ததற்கு 80. எளிய அளவைதான். ஆனால் அது இரு முனைகளை மட்டுமே பார்க்கும். நடுவில் உள்ள மூன்று வாரங்களும் அதற்குக் கணக்கில்லை.

எல்லா வாரங்களும் கணக்கில் வர வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுது. அடுத்த ஊருக்கு −40, 40, −20, 20, 0. கூட்டினால் பூச்சியம். எந்தத் தரவை எடுத்தாலும் அப்படித்தான் வரும். மிகையும் குறையும் ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால்தான் வர்க்கப்படுத்துகிறோம்: 1600, 1600, 400, 400, 0. கூடுதல் 4000, ஐந்தால் வகுத்தால் 800, அதன் வர்க்கமூலம் சுமார் 28.3 மில்லிமீட்டர். இதுதான் திட்ட விலக்கம். முதல் ஊருக்கு அது வெறும் 1.4. 1890களில் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் கார்ல் பியர்சன்.

இனி உண்மை மழைக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் சராசரியாக 87 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதன் திட்ட விலக்கம் சராசரியில் ஏறத்தாழ 10 சதவீதம். இப்படிச் சராசரியின் சதவீதமாகச் சொல்வதே மாறுபாட்டுக் கெழு.

2002இல் மழை இயல்பைவிட 19 சதவீதமும் 2009இல் 22 சதவீதமும் குறைந்தது. நூற்றுக்கு இருபதுதானே என்று தோன்றும். பரவலோடு ஒப்பிட்டால்தான் அதன் கடுமை விளங்கும்: இரண்டு ஆண்டுகளிலும் குறைவு திட்ட விலக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டுமே வறட்சி ஆண்டுகள். இந்திய வானிலைத் துறை சராசரியில் 96 முதல் 104 சதவீதம் வரை பெய்தால்தான் 'இயல்பு' என்கிறது. 90க்குக் கீழே போனால் பற்றாக்குறை.

நாட்டுக்கான இந்த ஒற்றை எண்ணும் நிறைய மறைக்கிறது. 2002 ஜூலையில், நடவும் விதைப்பும் நடக்கிற மாதத்தில், மழை இயல்பில் ஏறத்தாழ பாதிதான். மேற்கு ராஜஸ்தான் போன்ற வறண்ட பகுதிகளில் மாறுபாட்டுக் கெழு தேசிய அளவைவிட மிகப் பெரிது. தமிழ்நாடு நம்பியிருக்கிற வடகிழக்குப் பருவமழையும் அப்படித்தான், ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும்.

ஆகவே தங்கையே, உன் மாவட்டத்தில் கடந்த 30 ஆண்டுகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த மழையளவைத் தேடி எடு. சராசரியோடு நிறுத்தாமல் திட்ட விலக்கத்தையும் மாறுபாட்டுக் கெழுவையும் கணக்கிட்டு, உன் வகுப்பில் எல்லாருக்கும் காட்டு.