தொட்டியில் வரும் பிரயாணி

பேரிகையிலிருந்து மாலூர் செல்லும் சாலையோரத் தேநீர்க் கடையில், ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தம் செருப்பின்மேல் ஏறிய ஒரு சிற்றெறும்பைக் கண்டு காலை உதறிக்கொண்டு எழுந்ததை நான் பார்த்திராவிட்டால், இந்த விஷயத்தைப் பற்றி எழுதும் எண்ணமே எனக்குத் தோன்றியிராது. "நத்தம் பக்கம் மாட்டுக் கண்ணைக் குருடாக்கின எறும்பு இதுதானுங்களா சார்?" என்று அவர் கேட்டதில் பயம் பாதி, கைபேசி பரப்பிய வதந்தி பாதி. ஏறியதோ பரம சாதுவான பிள்ளையார் எறும்பு.

அவர் குறிப்பிட்ட சம்பவம் பொய்யன்று. 2022 ஆகஸ்டில், திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்த கரந்தமலையின் அடிவாரத்துக் கிராமங்களில், நீண்ட கால்களும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்ட மஞ்சள் எறும்புகள் கணக்கற்றுப் பெருகி, ஆடுமாடுகளின் கண்களை மொய்த்து, காட்டுக்குள் மேய்ச்சலுக்குப் போகவே ஜனங்கள் அஞ்சும்படி செய்தன என்பது நாடறிந்த செய்தி. செய்தி உண்மையாயினும், அதைச் சுற்றிப் படர்ந்த நம்பிக்கைகளில் பலவற்றுக்கு ஆதாரம் இல்லை.

பத்திரிகைகள் அதற்கு இட்ட 'பைத்தியக்கார எறும்பு' என்ற பெயரே முதல் குழப்பத்தை விளைவித்தது. வெறிநாய்க்கு இருப்பதுபோல் இதற்கும் ஏதோ வியாதி என்று நினைத்தவர்கள் உண்டு. புற்றைக் கலைத்ததும் திக்குத் திசையின்றித் தாறுமாறாக ஓடும் அதன் நடையைக் கண்டு சூட்டிய பெயர் அது, அவ்வளவே. கடித்து விஷம் ஏற்றும் என்பதும் தவறு. இந்த இனத்துக்குக் கொடுக்கே கிடையாது. வயிற்றின் நுனியிலிருந்து, லத்தீன் மொழியில் எறும்புக்குரிய பெயரையே தாங்கிய பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். நான்கைந்து மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் எறும்பின் அமிலம் நம் தோலில் அரிப்போடு அடங்கிவிடும்; ஆயிரக்கணக்கான எறும்புகள் சேர்ந்து, கட்டிப்போட்ட கன்றின் கண்ணிலோ, கூட்டை விட்டு நகர முடியாத பறவைக் குஞ்சின் கண்ணிலோ பீய்ச்சும்போதுதான் அது ஆபத்தாகிறது. பசிபிக் சமுத்திரத்தின் ஜான்ஸ்டன் பவளத்தீவில் தரையில் முட்டையிடும் கடற்பறவைகள் இவ்விதமே பார்வை இழந்தன.

"அந்நிய தேசத்திலிருந்து புதிதாக வந்து இறங்கிய ஜந்து" என்பது எல்லாவற்றிலும் பிரசித்தி பெற்ற நம்பிக்கை. இதை மறுப்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்து, ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் பறவைகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்த ஜெர்டன் என்பவர், 1851-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு சஞ்சிகையில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை வெளியிட்டபோது, 'நெடுங்காலன்' என்ற பொருள்பட ஒரு லத்தீன் பெயர் சூட்டி இதை வருணித்திருக்கிறார். அந்தப் பெயர் வேறோர் எறும்புக்கு முன்பே வழங்கியிருந்தமையால், 1857-இல் பிரெடரிக் ஸ்மித் சூட்டிய 'மெலிந்த காலன்' என்னும் பெயர் நிலைத்தது. இதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவா ஆசியாவா என்பதில் விஞ்ஞானிகளிடையே அபிப்பிராய பேதம் உண்டாயினும், கரந்தமலைச் செய்திக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே இது தென்னாட்டு வாசி என்பதில் சந்தேகமில்லை.

அப்படியானால் இத்தனை காலம் அடங்கிக் கிடந்த ஒரு பிராணி திடீரென்று ஏன் பெருக வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஜாவாவுக்குத் தெற்கிலுள்ள கிறிஸ்துமஸ் தீவின் கதை இதற்கு ஒருவாறு விளக்கம் தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அங்கு வந்துவிட்ட இவ்வெறும்பு பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து, 1989-இல்தான் எண்ணற்ற ராணிகளோடு ஒன்றோடொன்று சண்டையிடாத புற்றுகளின் பெருங்கூட்டமாகக் கண்ணில் பட்டது. பின்னர் அத்தீவின் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. மரச்சாற்றை உறிஞ்சிக் கழிவாகத் தித்திப்பான தேன்துளியைச் சொரியும் செதில்பூச்சிகளே அந்தப் பெருக்கத்துக்குத் தீனி. எறும்பு அவற்றுக்குக் காவல். அவை எறும்புக்குக் கறவை மாடு.

நம் பேரிகைத் தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். "எறும்பு ஏறினால் மாவுப்பூச்சியைத் தின்று ஒழித்துவிடும், விட்டுவிடு" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நேர்மாறு. மாவுப்பூச்சியையும் அசுவினியையும் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுவதே தேன்துளிக்கு ஏங்கும் எறும்பின் வேலை. கிறிஸ்துமஸ் தீவில் 2002 முதல் ஹெலிகாப்டரிலிருந்து விஷ இரை தூவியும் எறும்பு மீண்டும் மீண்டும் தலையெடுத்ததால், 2016-இன் இறுதியில் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொணர்ந்து விட்டார்கள். அது எறும்பைத் தொடுவதில்லை. செதில்பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும். எறும்பைப் பட்டினி போடும் யுக்தி!

மண்ணெண்ணெய் ஊற்றினால் தீர்ந்தது என்ற நம்பிக்கையும் இங்கேதான் தோற்கிறது. மேலே மருந்து அடித்தால் இரைதேடப் புறப்பட்ட வேலைக்கார எறும்புகள் சாகும். மண்ணுக்குள் இருக்கும் ராணிகளுக்கு ஒரு சேதமும் இல்லை. கூட்டுக்குள் சுமந்து சென்று பகிர்ந்துண்ணும் இரையில், மெதுவாக வேலை செய்யும் விஷத்தைக் கலந்தால்தான் பலன். ஜான்ஸ்டன் தீவில் சர்க்கரைச் சாற்றில் மருந்து கலந்து, பத்தாண்டு உழைப்புக்குப்பின் 2021-இல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து அது நடந்தே வந்துவிடுமோ என்று நண்பர் கேட்டார். நடந்து வராது, பறந்தும் அதிக தூரம் போவதில்லை. ராணி சில வேலைக்காரர்களோடு பக்கத்து இடத்துக்குக் குடிபெயர்வதுதான் அதன் வழக்கம். தூர தேசப் பிரயாணத்துக்கு அது நம்பியிருப்பது நாற்றுத் தொட்டி, வண்டல் மண், மரத்தடி, லாரி. ஓசூர் வட்டாரத்தில் இவற்றில் எதற்குப் பஞ்சம்?

அன்று மாலையே, வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாராம். ஒரு மரவட்டையும் இரண்டு மண்புழுவும் தவிர வேறொன்றும் இல்லை என்று மறுநாள் வந்து சொன்னார்.