பச்சைத் தண்ணி சொல்லும் சாட்சி

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இயற்கை அங்காடிகளுக்குக் காய்கறி அனுப்பும் உழவர்களிடம் வாடிக்கையாளர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மருந்து அடிக்கலைன்னு சொல்றீங்க, எப்படி நம்புறது?”

நாம் அடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் மேல்மடையில் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் அடித்த களைக்கொல்லி வாய்க்கால் தண்ணியோடு நம்ம வயலுக்கு வந்தால்? கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதைக் காட்டிக்கொடுக்கும் உயிர் ஒன்று இருக்கிறது. அதுதான் பாசி.

பாசி நமக்குப் புதுசில்லை

கோயில் குளத்துத் தண்ணி சில மாதங்களில் பச்சையாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பச்சை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். நெல் வயலில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசியும் நமக்குத் தெரிந்ததுதான். அடையாறை அடுத்த தரமணியில் இருந்த முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம், சி.வி. சேஷாத்ரி காலத்தில், சுருள்பாசியைக் கிராமத்திலேயே வளர்க்கும் முறையைப் பரப்பியது. அதற்கும் முன்னால், இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் 1933-இல் தென்னிந்திய நீர்நிலைகளில் கூட்டமாக வாழும் வால்வாக்ஸ் வகைப் பாசிகளைப் பற்றி எழுதினார். அந்த வகைக்கு நெருங்கிய சொந்தம் கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசி. இன்று நஞ்சைக் கண்டறியும் ஆய்வுகளில் பயன்படும் பாசிகளில் இதுவும் ஒன்று.

பாசி எப்படிச் சொல்லுது?

பாசி வெயிலைப் பிடித்து உணவாக்குகிறது. பிடித்த ஆற்றல், வாய்க்காலில் தண்ணி போவதுபோல, செல்லுக்குள் ஒரு வழியாகப் போகும். அந்த வழியில் டி1 என்ற புரதம் ஒரு மடை மாதிரி. அட்ரசின், டையூரான் போன்ற களைக்கொல்லிகள் நேராகப் போய் இந்த மடையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். மடையை அடைத்தால் தண்ணி கரை மீறும் இல்லையா? அதுபோல, போக வழியில்லாத ஆற்றலில் ஒரு பகுதி மங்கலான சிவப்பு ஒளியாக வெளியே வரும். நம் கண்ணுக்குத் தெரியாது. கருவி சில நிமிடங்களில் படித்துவிடும். பாசியும் அந்தக் கருவியும் சேர்ந்த அமைப்பைத்தான் ‘உயிர் உணரி’ என்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை சொன்ன வேலைக்கு மரபணு மாற்றமே தேவையில்லை. குளத்துப் பாசியே செய்யும்.

அப்புறம் ஏன் மரபணுவை மாத்துறாங்க?

சாதாரணப் பாசி “ஏதோ அடைக்குது” என்று மட்டும் சொல்லும். எது என்று சொல்லாது. டி1 புரதத்தின் மரபணுவில் சின்ன மாற்றம் செய்தால், ஒரு களைக்கொல்லிக்கு அசையும், இன்னொன்றுக்கு அசையாத பாசி கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்த வகை நஞ்சு என்று ஊகிக்கலாம். மின்மினிப் பூச்சியின் ஒளிரும் மரபணுவை நீலப்பச்சைப் பாசியில் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். களைக்கொல்லி பட்டால் அந்த வெளிச்சம் குறையும். துத்தநாகம் கூடினால் ஒளிரும்படி மாற்றிய பாசியும் உண்டு.

ஆனால் எல்லா நஞ்சும் இதில் சிக்காது. கிளைபோசேட் இந்த மடையை அடைப்பதில்லை, வேறு இடத்தில் வேலை செய்வது. அதனால் இந்த விரைவுச் சோதனைக்கு அது எளிதில் பிடிபடாது. பல பூச்சிக்கொல்லிகளும் அப்படித்தான். “பாசி நல்லா இருக்கு, அதனால் தண்ணி சுத்தம்” என்று முடிவுகட்டக் கூடாது.

குளத்தில் விடலாமா?

மூடிய கருவிக்குள் இருக்கும் வரை அது ஒரு கருவி. குளத்தில் விட்டால் அது விதைப்பு. 2013-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அரசு அனுமதியோடு, மரபணு மாற்றிய பாசியைத் திறந்த தொட்டிகளில் வளர்த்தார்கள். அது உணரிப் பாசி இல்லை, வேறு ஆய்வுக்கானது. சுற்றி வைத்த தண்ணித் தொட்டிகளுக்கும் அந்தப் பாசி பரவியது. உள்ளூர்ப் பாசிகளை அது மிஞ்சவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். ஆனாலும் ‘விட்ட இடத்திலேயே நிக்காது’ என்பது தெளிவாகிவிட்டது. நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, மரபணு மாற்றிய எந்த உயிரையும் அனுமதி இல்லாமல் வெளியில் விட முடியாது. ஏரி, குளம், கண்மாய் விஷயத்தில் அந்த வேலி நமக்குத் தேவை.

நாமே செய்து பார்க்க

1. ஒரே அளவான ஆறு கண்ணாடிப் பாட்டில்கள் எடுங்கள்.
2. மருந்து படாத தொட்டியில் இருந்து பச்சைத் தண்ணியை ஒவ்வொன்றிலும் கால் பாகம் ஊற்றுங்கள்.
3. மூன்றில் நம்பிக்கையான கிணற்றுத் தண்ணி, மூன்றில் வாய்க்கால் தண்ணி. கலங்கல் என்றால் ஒரு ராத்திரி தெளியவைத்து ஊற்றுங்கள்.
4. மூடியை இறுக்காமல், வெளிச்சமான நிழலில் ஐந்து நாள் வையுங்கள். தினமும் ஒருதரம் குலுக்குங்கள்.

பக்கத்து வயலில் களைக்கொல்லி அடித்தபின் பெய்யும் முதல் மழையில் வரும் தண்ணியைப் பிடித்தால் நல்லது. வாய்க்கால் பாட்டில்கள் மூன்றும் வெளுத்து, கிணற்றுப் பாட்டில்கள் பச்சையாகவே இருந்தால் சந்தேகப்படலாம். உப்புத் தண்ணியும் பாசியை வெளுக்கவைக்கும். உரம் கரைந்த தண்ணி பச்சையைக் கூட்டிக் காட்டும். அதனால் இது சான்றிதழ் இல்லை, எச்சரிக்கைதான். ஆய்வகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டிய தண்ணி எது என்று இது காட்டும். அந்த முதல் தண்ணியை வயலுக்குள் விடாமல் திருப்பிவிடுங்கள். பாட்டில்களை மேல்மடைக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சண்டைக்கு இல்லை, பேச்சுக்கு.

அடுத்த முறை “எப்படி நம்புறது?” என்று கேட்டால், நாம் அடிக்கவில்லை என்பதோடு, வரும் தண்ணியையும் பார்த்துத்தான் பாய்ச்சுகிறோம் என்று சொல்ல முடியும்.