சோதனை விலங்குகளின் மன அழுத்தமும் ஆய்வு முடிவுகளும்

ஐதராபாத்தில் சைனிக்புரிக்குத் தெற்கே தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அமைந்துள்ளது. 1918-இல் குன்னூரில் தோன்றி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய இந்நிறுவனம் போன்ற ஆய்வுக்கூடங்களில் உணவின் தரத்தை வெள்ளெலியின் எடை வளர்ச்சியைக் கொண்டும் மதிப்பிடுவர். ஆனால் அஞ்சிய எலி சரிவர உண்பதில்லை; அதன் உடலில் கார்ட்டிகோஸ்டீரோன் சுரப்பு மிகுந்து இரத்தச் சர்க்கரையும் உயர்கிறது. பழியோ உணவின்மீது விழுகிறது!

குளிர், அறுவைக் காயம், மிகையான உடலுழைப்பு என இன்னல் எதுவாயினும், எலிகளின் தைமஸ் சுரப்பி சுருங்கி இரைப்பையில் புண் தோன்றுவதை ஹான்ஸ் செல்யே 1936-இலேயே வெளியிட்டார். கையாளும் முறையும் அத்தகைய இன்னலாகலாம். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்காமல், குழாயிலோ குவித்த கைகளிலோ ஏந்தினால் அதன் அச்சம் குறைவதாக இங்கிலாந்தில் 2010-இல் கண்டறியப்பட்டது. கூண்டு பராமரிக்கும் ஊழியர்களுக்கு இதனைப் பயிற்றுவிக்கப் பெருஞ்செலவு ஏதுமில்லை.