‘கட்டிய பணம் திரும்பாது’ என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: நான் ஸ்கூடாயில் வசிக்கிறேன். கணவர் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்பவர். அவருடைய 40ஆவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, டெசாரு கடற்கரையில் உள்ள ஒரு ரிசோர்ட்டில் சனிக்கிழமை ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்தேன். பிறந்தநாள் என்று சொல்லித்தான் வாட்ஸ்அப்பில் பேசினேன். கடலைப் பார்த்த அறைக்கு 640 ரிங்கிட், அறை அலங்காரத்துக்கு 180, கடற்கரையில் இருவருக்கு இரவு உணவு 160 என்று சொன்னார்கள். மொத்தம் 980 ரிங்கிட்டை முன்கூட்டியே என் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினேன்.

3 மணிக்கு அறை தருவதாகச் சொன்னவர்கள் ஆறரைக்குத்தான் சாவி கொடுத்தார்கள். சன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். கடல் பக்கம் நிறைந்துவிட்டதாம். ஒரு பலூன்கூட இல்லை. காற்று அதிகம் என்று கடற்கரை விருந்தை நிறுத்திவிட்டு, காப்பிக் கடையில் சாப்பிட 60 ரிங்கிட் கூப்பன் தந்தார்கள். மறுநாள் படுக்கை விரிப்பில் கேக் கிரீம் பட்டிருக்கிறது என்று 200 ரிங்கிட் டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கணவரின் கைப்பேசி சிங்கப்பூர் எண் என்பதால் 10 ரிங்கிட் சுற்றுலா வரி வேறு. பணத்தைக் கேட்டதற்கு, ‘கட்டிய பணம் திரும்பாது, விதிமுறையில் இருக்கிறது’ என்றார் மேலாளர். பிறகு 150 ரிங்கிட் வவுச்சர் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ‘போனது போகட்டும், விடு’ என்கிறார் கணவர். வழக்கறிஞர் செலவே இதைவிட அதிகமாகுமே? - வாசகி, ஸ்கூடாய்

பதில்: விடாதீர்கள், சகோதரி. வழக்கறிஞரும் வேண்டாம். நீங்கள் போகவேண்டிய இடத்தில் என்னைப் போன்றவர்கள் கட்சிக்காரருக்காக வாதாடவே சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், மேலாளர் சொன்ன அந்த வாசகத்தைப் பார்ப்போம்.

பதிவு செய்தவர் மனம் மாறி வராமல் போனால் ஹோட்டலுக்கு நட்டம் வரக்கூடாது. ‘கட்டிய பணம் திரும்பாது’ என்ற விதி அதற்காக எழுதப்பட்டது, அந்த அளவில் அது நியாயமானதும்கூட. நீங்கள் மனம் மாறவில்லை. சொன்ன நாளில் போனீர்கள், முழுப் பணமும் கட்டியிருந்தீர்கள். சொல் தவறியது ஹோட்டல். தான் செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைப் பிடித்துவைக்க அந்த விதி உரிமை தராது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளை ஓர் ஒப்பந்த வாசகத்தால் பறிக்க முடியாது என்று அந்தச் சட்டத்தின் 6ஆவது பிரிவே சொல்கிறது. 2010இல் வந்த திருத்தம் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கென்று தனிப் பாகமே சேர்த்தது.

அதே சட்டத்தின் 53ஆவது பிரிவு, சேவையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் தரவேண்டும் என்கிறது. உங்களுக்கு அதைவிட முக்கியமானது 54ஆவது பிரிவு. எந்த நோக்கத்துக்காகச் சேவையைக் கேட்கிறேன் என்று பயனீட்டாளர் தெரிவித்திருந்தால், சேவை அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ‘கணவருக்கு 40ஆவது பிறந்தநாள்’ என்று நீங்கள் அனுப்பிய அந்த ஒரு வரி இந்த வழக்கில் தங்கத்துக்குச் சமம். அந்த உரையாடலை இன்றே பிரதி எடுத்து வேறொரு கைப்பேசியிலும் சேமித்துவிடுங்கள்.

அறை நிறைந்துவிட்டது என்பது சாக்குதான். 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறு என்றானதால் இங்குள்ளவர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் ஒரே இரவில் அறை தேடுகிறார்கள். சனிக்கிழமை கூட்டம் வரும் என்பது விடுதிக்குத் தெரியாத செய்தி அல்ல. இருப்பதைவிட அதிகமாகப் பதிவு வாங்கியது அவர்கள் எடுத்த துணிச்சல். அதன் பலனை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. காற்று விஷயத்தில் மட்டும் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் அந்தக் கரை எப்படி இருக்கும் என்று கோத்தா திங்கி பக்கத்து மக்களைக் கேட்டால் தெரியும். மணலில் மேசை போட முடியாததற்காக ஹோட்டலைக் குறைசொல்ல முடியாது. அதற்காக விருந்துக்கு வாங்கிய 160 ரிங்கிட்டில் 60க்கு மட்டும் கூப்பன் தந்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளவும் முடியாது.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் என்ற அந்த வழக்கில் 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருடத்தில் இரண்டு வாரம் மட்டுமே விடுப்புக் கிடைக்கும் ஒருவர், விளம்பரப் புத்தகத்தை நம்பி 63 பவுன் சொச்சம் கட்டிச் சுவிட்சர்லாந்து மலைக்குப் போனார். விருந்தினர் கூட்டத்தோடு கொண்டாட்டம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் விருந்து, மலைப்பாட்டுக்காரரின் கச்சேரி என்றெல்லாம் அதில் இருந்தது. முதல் வாரம் 13 பேர் இருந்தார்கள், இரண்டாம் வாரம் அவர் ஒருவர்தான். விடுதிக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. கச்சேரி என்பது வேலை உடுப்போடு வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போனதுதான். கீழ் நீதிமன்றம் கட்டிய பணத்தில் பாதியைத்தான் கொடுத்தது. டென்னிங் பிரபுவும் உடன் இருந்த நீதிபதிகளும் அதை 125 பவுனாக உயர்த்தினார்கள். கட்டியதைவிட ஏறத்தாழ இருமடங்கு! மகிழ்ச்சியைத் தருகிறேன் என்று ஒப்பந்தம் செய்துவிட்டுத் தராமல் போனால், இழந்த மகிழ்ச்சிக்கும் ஈடு உண்டு என்பதே காரணம். இந்தத் தீர்ப்பு மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டி வாதிடலாம். எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் வெளியே போக இன்னொரு சனிக்கிழமை எப்போது அமையுமோ, யாருக்குத் தெரியும்?

அதற்காக ‘மன உளைச்சலுக்கு 10,000 ரிங்கிட்’ என்று கேட்டுவிடாதீர்கள். முழு 980ஐயும் கேட்பதும் பலவீனமான வாதம். அறையில் தங்கினீர்கள், உறங்கினீர்கள். கணக்காகக் கேளுங்கள். அதே இரவுக்குக் கடல் பார்க்காத அறையின் விலை என்ன என்று அந்த ஹோட்டலின் இணையப் பக்கத்திலேயே பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். அது 520 என்றால் வித்தியாசம் 120 ரிங்கிட். செய்யாத அலங்காரத்துக்கு 180. விருந்தில் குறைந்தது 100. இவை மூன்றும் சேர்ந்து 400. மூன்றரை மணி நேரம் காக்கவைத்ததற்கும் பாழான கொண்டாட்டத்துக்கும் நியாயமான ஒரு தொகையைத் தனி வரியாக எழுதுங்கள். அதைத் தருவதும் குறைப்பதும் வழக்கை விசாரிப்பவரின் முடிவு.

டெபாசிட் கொஞ்சம் சிக்கலானது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, முன்பே குறிப்பிட்ட தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. 1995இல் ஒரு மருத்துவரின் கிளினிக் விற்பனை தொடர்பாக வந்த செல்வகுமார் வழக்கில், உண்மையான நட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. 2018இல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலையைத் தளர்த்தியது. இன்று, பிடித்த தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லப்படுபவர் மீதே விழுகிறது. ஆகவே சும்மா இருந்தால் உங்களுக்குத்தான் பாதகம். விரிப்பைத் துவைத்த செலவுக்கு ரசீது கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். ஹோட்டல் விரிப்புகள் விருந்தினர் மாறும்போதெல்லாம் சலவைக்குப் போகின்றன. கிரீம் கறைக்கு 200 ரிங்கிட் என்பதை நியாயப்படுத்துவது அவர்களுக்கு எளிதாக இருக்காது.

சுற்றுலா வரி 10 ரிங்கிட் தவறாக வாங்கப்பட்டது. 2017 செப்டம்பரில் அமலுக்கு வந்த அந்த வரி, அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் என வெளிநாட்டவருக்கு மட்டுமே. குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. உங்கள் கணவரின் அடையாள அட்டைதான் கணக்கு, கைப்பேசி எண் அல்ல. பில்லில் அறைக்கு 8 விழுக்காடு சேவை வரி இருந்தால் அது முறையானது, அதைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

இப்போது போகவேண்டிய இடம்: மலேசியப் பயனீட்டாளர் கோரல் தீர்ப்பாயம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். முதல் படிவத்தை இணையத்திலேயே நிரப்பலாம். ஹோட்டல் வழக்கறிஞரை அனுப்ப முடியாது. இயக்குநரோ மேலாளரோ முழுநேர ஊழியரோதான் வந்து பேச வேண்டும். தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். 14 நாளில் அதை நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அபராதமும் சிறையும்கூட உண்டு.

பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: எதிர்தரப்பின் பெயர். பெயர்ப்பலகையில் உள்ள ரிசோர்ட் பெயர் வேறு, அதை நடத்தும் சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கலாம். ரசீதிலும், பணம் போன வங்கிக் கணக்கிலும் உள்ள பெயரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மலேசிய நிறுவன ஆணையத்தில் சிறு கட்டணத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவு செய்ததும் பணம் அனுப்பியதும் நீங்கள் என்பதால் மனுதாரர் நீங்களே. கணவர் சாட்சி. விசாரணைத் தேதி வந்ததும் அவர் சிங்கப்பூரில் விடுப்பு எழுதிக்கொள்ளட்டும்.

மனுப் போடும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொகைகளை மேலே சொன்னபடி வரி வரியாக எழுதி, 14 நாள் அவகாசம் கொடுங்கள். பல விடுதிகள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும். அந்த 150 ரிங்கிட் வவுச்சரை மட்டும் தொடாதீர்கள். பயன்படுத்தினால் கணக்கு முடிந்துவிட்டது என்று வாதாடுவார்கள். ‘முழுத் தீர்வாக இதை நான் ஏற்கவில்லை’ என்ற ஒரு வரியை அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலாக இன்றிரவே அனுப்பிவிடுங்கள்.