சின்ன ரயிலுக்கு ஓர் ஊர்



எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு, ஜெர்மனியில் வேலை பார்க்கும் அவளுடைய தாய்மாமன் சென்ற கோடை விடுமுறையில் ஒரு ரயில் கொண்டுவந்து கொடுத்தார். பொம்மை ரயில் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும். ஓர் இன்ஜின், நான்கு பெட்டிகள், வட்டமாகச் சேர்க்கத் தண்டவாளத் துண்டுகள், மின்சாரம் கொடுக்க ஒரு சிறு பெட்டி. கூடத்துத் தரையில் விரித்து ஓட்டினோம். அரை மணி நேரம் வீடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் அவளும் சலித்துக்கொண்டு, "அத்தை, இது எங்கேயும் போகலையே. சுத்திச் சுத்தித்தானே வருது?" என்றாள்.

உண்மைதான். ரயில் என்றால் புறப்பட ஓர் ஊரும் போய்ச் சேர ஓர் ஊரும் வேண்டும். அந்த ஊரை அட்டையாலும் மரத்தூளாலும் எப்படிக் கட்டினோம், அதில் எங்கே தோற்றோம் என்பதை உங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் கணக்கு. கணக்கு என்றவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வகுத்தல் மட்டும் தெரிந்தால் போதும். ரயில் வந்த பெட்டியின் மேல் 1:87 என்று அச்சிட்டிருந்தது. அதாவது உண்மைப் பொருளின் நீளத்தை 87 ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் கிடைக்கும். ஜெர்மனியில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1435 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள், 16.5 மில்லிமீட்டர் வரும். எங்கள் தண்டவாளத்தையும் ஸ்கேல் வைத்து அளந்தோம், சரியாகவே இருந்தது. இந்த அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். ஆங்கிலேயர் மட்டும் ஒரு வேடிக்கை செய்தார்கள். அவர்கள் நாட்டு இன்ஜின்கள் உருவத்தில் சிறியவை. அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. ஆகவே இன்ஜினை மட்டும் 1:76 என்று சற்றுப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை அதே 16.5 மில்லிமீட்டரில் விட்டுவிட்டார்கள். கணக்குப்படி அது 19 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். இன்றுவரை அங்கே பெரும்பாலான வீடுகளில் அந்தப் பிழையின் மேல்தான் ரயில் ஓடுகிறது.

இனி மற்றவற்றை வகுப்போம். 165 செ.மீ. உயரமுள்ள ஆள் 1.9 செ.மீ. ஆவார். ஏழடிக் கதவு 2.4 செ.மீ. இருபது மீட்டர்த் தென்னை 23 செ.மீ. நம் கிறிஸ்துமஸ் குடிலில் ஆட்டுக்குட்டி தொழுவத்தைவிடப் பெரிதாக நின்றாலும் யாரும் கேட்பதில்லை. ரயிலின் பக்கத்தில் அப்படி வைக்க முடியாது. பெட்டியின் கதவைக் கண் பார்த்துவிடுகிறது. அதைக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடுகிறது.

எட்டடிக்கு நாலடிப் பிளைவுட் ஒன்றை வாங்கி, ரீப்பர்ச் சட்டத்தின் மேல் அடித்தோம். பெரிய பலகைதான். ஆனால் 244 செ.மீ. நீளத்தை 87 ஆல் பெருக்கினால் 212 மீட்டர்தான் வருகிறது. ஓர் உண்மையான நடைமேடைக்கே அது சரியாகப் போய்விடும்! ஆகவே நீளத்தில் சிக்கனம் செய்தே ஆக வேண்டும். நடைமேடையை 90 செ.மீ. ஆக்கினோம். இங்கே ஒரு விதியை நினைவில் கொள்ளுங்கள்: நீளத்தைக் குறைக்கலாம், உயரத்தைக் குறைக்கக் கூடாது. கட்டடத்தில் ஜன்னல் ஒன்று குறைந்தால் யாரும் கவனிப்பதில்லை. கதவு குள்ளமானால் நிற்கிற ஆள் அரக்கனாகிவிடுவார்.

வளைவும் அப்படித்தான். எங்கள் வளைவின் ஆரம் 36 செ.மீ.; உண்மையில் அது 31 மீட்டர். பெரிய ரயில் எதுவும் அத்தனை குறுகிய வளைவில் திரும்பாது. பார்த்தவுடன் விளையாட்டுச் சாமான் என்று காட்டிக்கொடுப்பது இதுதான். அதனால்தான் வளைவின் மேல் மலையை வைக்கிறார்கள். மலை அழகுக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன்; அது பொய்யை மறைக்கும் திரை என்று பிறகுதான் விளங்கியது. மலை என்று சொல்வதும் அதிகம். தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து நம் அளவில் கட்டினால் 30 மீட்டர் வரும், வீட்டுக்குள் அடங்காது. எங்களுடையது 30 செ.மீ.; உண்மையில் 26 மீட்டர். நம் பக்கத்தில் இதைக் கரடு என்போம். ஆகவே கரடாகவே செய்தோம், உருண்டைப் பாறைகளோடு.

பழைய செய்தித்தாளைக் கசக்கிக் குவித்து, அதன்மேல் கிழிந்த கொசுவலையைப் போர்த்தி, மைதாப் பசையில் நனைத்த தாள் துண்டுகளை மூன்று படிவாக ஒட்டினோம். பசை காய்ச்சும்போது மயில்துத்தம் சிறிது சேர்த்தேன். புத்தகம் பைண்டு செய்பவர்கள் பூச்சி வராமல் இருக்கச் சேர்ப்பது. அது விஷம். பெரியவர்கள்தான் கையாள வேண்டும். சமையல் பாத்திரத்தைத் தொடவே கூடாது. தாள் காய்ந்தபின் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினோம். இறுகும்போது அது சூடாவதைக் கையால் தொட்டு உணரலாம். வேதியியல் புத்தகத்தில் வெப்ப உமிழ்வினை என்று படிக்கிறோமே, அது இதுதான். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் கொட்டிவிடாதீர்கள். குழாய்க்குள் போய்க் கல்லாகிவிடும்.

பூசுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை நாங்கள் பூசிய பின் செய்தோம். வளைவில் போகும் நீண்ட பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் தள்ளும். குகை வாயிலில் பெட்டி உரசி நின்றுவிட்டது. உளியும் சுத்தியலும் எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மலையைக் குடைந்தோம். குகைக்குள்தான் ரயில் தடம் புரளும் என்பதையும் அப்போதே கற்றுக்கொண்டு, மலையின் பின்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் வைத்தோம்.

ஜல்லிக்கு நான் ஒரு யுக்தி செய்தேன். உண்மையான ஜல்லி 5 செ.மீ. அளவு; வகுத்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வீட்டில் அந்த அளவில் என்ன இருக்கிறது? ரவை! சாயம் போட்டுத் தண்டவாளத்துக்கு நடுவே தூவி ஒட்டினேன். மூன்றாம் நாள் காலையில் எங்கள் பாதை நெடுகிலும் எறும்புகள் பயணம் செய்துகொண்டிருந்தன. அதன்பிறகு கல் தூளைச் சலித்துப் போட்டோம். சலித்தபின் அதன்மேல் காந்தம் ஒன்றை நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புப் பொடி மோட்டாருக்குள் போனால் இன்ஜின் கெட்டுவிடும். ஒட்டுவதற்கு ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு, கூடவே பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு துளி. அந்தத் துளி இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலே நிற்கும், பரப்பு இழுவிசை! இங்க் ஃபில்லரால் விட்டால் ஒரு கல்லும் நகராது.

புல்லுக்கு மர அறுவை மில்லில் வாங்கிய தூளைச் சலித்துச் சாயம் தோய்த்தோம். கடையில் விற்கும் பச்சையை அப்படியே போடாதீர்கள். மே மாதத்தில் நம் ஊர்ப் புல் என்ன நிறம் என்று வெளியே போய்ப் பாருங்கள். அது பச்சையே அல்ல.

இனி நிலையம். எங்கள் ஊரில் மீட்டர் கேஜ் பாதை இருந்த காலத்தில் ஓட்டுக்கூரை போட்ட சின்ன ரயில் நிலையம் ஒன்று இருந்தது. 1992-இல் நாடு முழுவதும் பாதைகளை அகலமாக்கும் திட்டம் தொடங்கியது அல்லவா? எங்கள் ஊருக்கு அது வந்தது 2008-இல். பழைய நிலையத்தை இடித்துவிட்டார்கள். "அதையே கட்டுவோம் அத்தை" என்றாள். என் தந்தையார் அதே நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆகவே எளிது என்று எண்ணினேன்.

அளவு எங்கே? கட்டடம்தான் இல்லையே. பெட்டியைத் துழாவியதில், 1974-இல் என் சித்தி கல்யாணமாகிப் புறப்பட்ட நாளில் நடைமேடையில் எடுத்த குழுப்படம் கிடைத்தது. அதில் என் தந்தையார் ஒரு கதவை ஒட்டி நிற்கிறார். பணிப் பதிவேட்டின்படி அவர் உயரம் 168 செ.மீ.; படத்தில் 3.2 செ.மீ. கதவு படத்தில் 4 செ.மீ. மும்மை விதிப்படி கதவின் உயரம் 210 செ.மீ. அந்தக் கதவைக்கொண்டு ஜன்னல், சுவர், கூரை எல்லாம் அளந்தோம். ஆள் கதவை ஒட்டி நின்றதால்தான் இக்கணக்குச் செல்லும். முன்னால் தள்ளி நின்றிருந்தால் கதவு சிறிதாகத் தோன்றி விடை பிழைத்திருக்கும்.

சுவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. அதைவிட நல்ல அட்டை விலைக்குக் கிடைக்காது. கூரைக்கு மங்களூர் ஓடு. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு அது. நீளம் 41 செ.மீ.; ஒன்றன்மேல் ஒன்று படிவது போகத் தெரிவது ஏறக்குறைய 32 செ.மீ. நம் அளவில் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த அகலத்துக்குச் செம்மண் நிறத் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி அவள் ஒட்டிக்கொண்டிருந்தபோது என் தந்தையார் வந்து பார்த்துச் சிரித்தார். "மேலேருந்து கீழே ஒட்டுறியேம்மா, மழை பெஞ்சா தண்ணி எங்கே போகும்?" கூரையைக் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கித்தான் வேய வேண்டும், அப்போதுதான் மேல் ஓடு கீழ் ஓட்டின் தலையை மூடும். மழையே பெய்யாத கூரைதான். இருந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டினாள்.

இந்த இடத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ராய் இங்லண்ட் என்ற இளைஞர் அங்கே வந்தார். வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கு என்னும் பகுதியின் கிராமங்களில் மனத்தைப் பறிகொடுத்தார். ஆனால் அவர் கண்முன்னேயே கூரைவீடுகள் இடிந்தும் மாறியும் போய்க்கொண்டிருந்தன. தடுக்க அவரிடம் பணமில்லை, அதிகாரமும் இல்லை. ஆகவே அந்த வீடுகளை 1:76 அளவில் அட்டையாலும் நீர்வண்ணத்தாலும் செய்து வைக்கத் தொடங்கினார். 1954-இல் லாங் விட்டென்ஹாம் கிராமத்தில் பெண்டன் அருங்காட்சியகம் அதிலிருந்து பிறந்தது. 1995-இல் அவர் மறைந்தபின்னும் தொண்டர்கள் தொடர்ந்து செய்துவருகிறார்கள். ஒரே வீட்டுக்கு மாதக்கணக்கில் உழைப்பு. ஜான் ஏகர்ன் என்பவர் தம் வீட்டில் கட்டிய மேடர் வேலி என்ற மாதிரிப் பாதையும் இப்போது அங்கேதான் இருக்கிறது. ரயிலை விட ஊரையும் நிலத்தையும் பெரிதாக எண்ணியவர்களில் அவர் முன்னோடி.

அவர்கள் வீடு நிற்கும்போதே அளந்தார்கள். நாங்கள் இடிந்தபிறகு தேடினோம். குழுப்படத்தில் தெரிவது நடைமேடைப் பக்கம் மட்டும். ஊரைப் பார்த்த முகப்பில் எத்தனை வளைவுகள் இருந்தன? "மூணு" என்கிறார் தந்தையார். "நாலு" என்கிறார் அண்ணன். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடம் போக அந்த வாசல் வழியாக நடந்தவள் நான். எனக்கு வளைவே நினைவில் இல்லை, இரண்டு தூண்களும் ஒரு தண்ணீர்ப் பானையும்தான் நினைவிருக்கின்றன. தினமும் பார்த்த பக்கத்தை யார் படம் எடுக்கிறார்கள்?

நீராவி இன்ஜின் காலத்துத் தண்ணீர்த் தொட்டி மட்டும் இன்னும் வேலிக்கு வெளியே நிற்கிறது. ஒரு மாலை நானும் அவளும் போனோம். ஒரு மீட்டர்க் குச்சியை நட்டோம். நிழல் 80 செ.மீ. தொட்டியின் நிழல் 7.2 மீட்டர். ஆகவே தொட்டி 9 மீட்டர், மாதிரியில் 10.3 செ.மீ. கால்களின் இடைவெளி, குழாய், ஏணிப்படிகள், துருப்பிடித்த இடங்கள் எல்லாவற்றையும் அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

தொட்டி இப்போது பலகையின் மேல் நிற்கிறது. நிலையமும் நிற்கிறது, அதன் முகப்பு மட்டும் வெறும் வெள்ளை அட்டை. ஊகித்து வரைந்துவிடலாம் என்று நான் சொன்னேன், அவள் ஒப்பவில்லை. அந்தப் பக்கத்தைக் கரட்டைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறோம். பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பழைய படங்களில் நம் ஊர் நிலையத்தின் முகப்பு எங்காவது தெரிந்தால், ஆட்களுக்குப் பின்னால் ஒரு மூலை தெரிந்தாலும் போதும், உங்கள் பெண்ணிடம் கொடுத்தனுப்புங்கள். அளந்துகொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.