இயந்திரமும் ஊதியமும் கடனும்: மைசூரு விஜயநகர் தரும் படிப்பினை

மைசூரு நகரின் வடமேற்குப் பகுதியில் நான்கு கட்டங்களாக விரிந்துள்ள விஜயநகர், பெரும்பாலும் நடுத்தர வருவாய்ப் பிரிவினர் வாழும் குடியிருப்பாகும். அதை ஒட்டியும் அதன் அண்மையிலும் அமைந்துள்ள யாதவகிரி, மேட்டகள்ளி, ஹெப்பாள், ஹூட்டகள்ளி ஆகிய இடங்களில் கடந்த அறுபது ஆண்டுகளில் பல தலைமுறைத் தொழில்கள் தோன்றின. மோட்டார் சைக்கிளும் டயரும் முதலில் வந்தன. ரூபாய் நோட்டு அச்சகமும் மென்பொருளும் பின்னர் வந்தன. ஒவ்வொரு தலைமுறையிலும் இயந்திரத்தின் ஆற்றல் பெருகியது. ஒரு தொழிலாளி ஒரு நாளில் ஆக்கும் பொருளின் மதிப்பும் உயர்ந்தது. ஆயினும் அவருடைய ஊதியம் அதே அளவில் உயர்ந்ததா? உயரவில்லையெனில், குடும்பச் செலவை அவர் எவ்வாறு ஈடுகட்டுகிறார்? இயந்திரம், ஊதியம், கடன் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்வதே வழக்கம். ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் தொழிலாளியின் உண்மை நிலை விளங்கும்.

இயந்திரத்தைப் பற்றிய பழைய வினா

இயந்திரம் தொழிலாளிக்கு நன்மையா, தீமையா என்ற வினா புதியதன்று. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ, இயந்திரத்தால் எல்லா வகுப்பினரும் பயனடைவர் என்றே முதலில் கருதினார். 1821இல் வெளிவந்த தமது நூலின் மூன்றாம் பதிப்பில் அக்கருத்தை மாற்றிக்கொண்டு, மனித உழைப்பின் இடத்தை இயந்திரம் கைப்பற்றுவது தொழிலாளரின் நலனுக்குப் பல வேளைகளில் ஊறு விளைவிக்கும் என்று ஒப்புக்கொண்டார். 1867இல் 'மூலதனம்' நூலின் முதல் தொகுதியை வெளியிட்ட கார்ல் மார்க்ஸ், இயந்திரத்தையும் அதைப் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்திக் காட்டினார். இயந்திரம் தன்னளவில் உழைப்பை எளிதாக்குகிறது. முதலாளித்துவ உற்பத்தி முறையிலோ அது வேலையற்றோர் கூட்டத்தைப் பெருக்கி, வேலையில் உள்ளோரின் ஊதியத்தையும் அழுத்துகிறது என்பது அவருடைய வாதம்.

மைசூருக்கும் இயந்திரம் புதியதன்று. 1912இல் சுவிட்சர்லாந்திலிருந்து தருவிக்கப்பட்ட விசைத்தறிகளுடன் இங்கு அரசுப் பட்டு நெசவாலை தொடங்கப்பட்டது. கைத்தறியோடு ஒப்பிடுகையில் அன்று அதுவே புதிய இயந்திரம். இன்று அந்த ஆலையின் பட்டு, மைசூரின் மரபுச் செல்வமாகப் போற்றப்படுகிறது. எனவே, ஓர் இயந்திரம் வந்ததாலேயே வாழ்வு கெட்டுவிடும் என்று முடிவு கட்டுவதற்கில்லை.

யாதவகிரியின் அனுபவம்

விஜயநகரை அடுத்துள்ள யாதவகிரியில், அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1960களின் தொடக்கத்தில் ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 'ஜாவா', பின்னர் 'யெஸ்டி' என்ற பெயர்களில் அதன் வண்டிகள் நாடெங்கும் ஓடின. 1980களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவுடன் குறைந்த எரிபொருளில் ஓடும் 100 சி.சி. வண்டிகள் சந்தைக்கு வந்தன. பழைய இரு வீச்சு இயந்திரத்தையே பெரிதும் நம்பியிருந்த தொழிற்சாலை போட்டியில் பின்தங்கி, 1996இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் மேட்டகள்ளியில், பாரத ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் நவீன இயந்திரங்களுடன் நோட்டு அச்சகத்தைத் தொடங்கியது. மறு ஆண்டில் விக்ராந்த் டயர் ஆலை ஜே.கே. குழுமத்தின் வசமாயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. புதிய இயந்திரம் வந்தால் சிலர் வேலை இழக்கலாம். புதிய இயந்திரம் வராவிட்டாலோ தொழிற்சாலையே மறையலாம். இரண்டிலும் இழப்பு முதலில் தொழிலாளியையே சேருகிறது. ஒரு தொழிலில் பல ஆண்டுகள் பெற்ற தேர்ச்சி, அத்தொழில் மறைந்ததும் சந்தையில் மதிப்பிழந்து விடுகிறது. மூலதனம் ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் இடம்பெயரும். குடும்பமும் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளியும் உடைய தொழிலாளி அவ்வாறு இடம்பெயர இயலாது. ஆகவே, இயந்திரம் வேண்டுமா என்பதைவிட, அதன் ஆதாயம் யாருக்கு, அதனால் வரும் இழப்பு யாருக்கு என்பதே முதன்மையான வினா.

ஊதியத் தேக்கம்

ஆதாயம் பகிரப்பட்ட விதத்தை ஆண்டுத் தொழில் ஆய்வின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. அமைப்புசார் ஆலைகளின் நிகர மதிப்புக் கூட்டலில், 1980களின் தொடக்கத்தில் தொழிலாளர் கூலியின் பங்கு ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்தது. 2000களின் பிற்பகுதியில் அது ஏறத்தாழ 10 சதவீதமாகச் சரிந்தது. பின்னர் ஓரளவு மீண்டதெனினும், பழைய நிலையை எட்டவில்லை. ஆலைத் தொழிலாளரில் ஒப்பந்தக்காரர் வழியே அமர்த்தப்படுவோர் 2000-01இல் ஏறத்தாழ 20 சதவீதம். 2022-23இல் அவர்கள் 40 சதவீதத்தைக் கடந்தனர். நிலையான வேலை இல்லாதவருக்குக் கூட்டுப் பேர வலிமையும் குறைவு.

2024-25ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையும் இதைச் சுட்டிக் காட்டியது. 2023-24இல் பெரு நிறுவனங்களின் இலாபம் 22.3 சதவீதம் பெருகியபோது, வேலைவாய்ப்பு 1.5 சதவீதமே வளர்ந்தது. இலாபம் பெருகியும் ஊதியம் பின்தங்கினால் நாட்டில் தேவை குன்றிப் பொருளாதாரமே தளரும் என்று அவ்வறிக்கை எச்சரித்தது.

படித்தவரும் இதற்கு விலக்கல்லர். ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி மையம் 2005இல் தொடங்கப்பட்டு 2009இல் விரிவாக்கப்பட்டது. மென்பொருள் தொழிலில் சேரும் இளைஞர் நாடெங்கிலுமிருந்து இப்பகுதிக்கு வந்தனர். நாட்டின் பெரிய மென்பொருள் நிறுவனங்களில், சிறப்புத் திறன் பதவிகள் நீங்கலாக, புதிதாகச் சேரும் பொறியாளரின் ஊதியம் 2010களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாயைச் சற்றே கடந்திருந்தது. 2020களின் நடுவிலும் அது மூன்றரை இலட்சத்தை ஒட்டியே நின்றது. இதற்கிடையில் 2012இல் 100ஆக இருந்த நுகர்வோர் விலைக் குறியீடு, 2024இன் இறுதியில் 195ஐ ஒட்டி உயர்ந்தது. பழைய வாங்கும் ஆற்றல் குறையாதிருக்க அந்த ஊதியம் 6 இலட்சத்தையாவது எட்டியிருக்க வேண்டும். பண ஊதியம் சற்று ஏறியும் உண்மை ஊதியம் பெருமளவு இறங்கும் விந்தை இதுவே. நிரல் எழுதுதல், சோதித்தல் போன்ற தொடக்க நிலைப் பணிகளைச் செயற்கை நுண்ணறிவே செய்யத் தொடங்கியுள்ள நிலையில், இவர்களின் பேர வலிமை மேலும் குறையக்கூடும்.

கடன் ஊதியத்தின் இடத்தைப் பிடித்தல்

ஊதியம் தேங்கினாலும் வாடகையும் கல்விக் கட்டணமும் மருத்துவச் செலவும் தேங்குவதில்லை. இடைவெளியை நிரப்பக் கடன் வருகிறது. பாரத ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி 2024 டிசம்பர் இறுதியில் இந்தியக் குடும்பங்களின் கடன், நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 42 சதவீதமாகும். அதில் பாதிக்கு மேற்பட்டது, பெரும்பாலும் நுகர்வுக்காகப் பெறப்பட்ட, வீட்டுக் கடன் அல்லாத சில்லறைக் கடன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 5 இலட்சம் ரூபாய்க் கல்விக் கடனை 10 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளில் அடைப்பதாயின், மாதத் தவணை ஏறத்தாழ 8,300 ரூபாய். ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் பெறும் பொறியாளரின் மாத வருவாயில் இது நான்கில் ஒரு பங்கிற்கும் அதிகம். இத்தகையவர் ஒரு மாதம்கூட வேலையின்றி இருக்க அஞ்சுவார். கூடுதல் நேர வேலையை மறுக்கத் தயங்குவார். ஊதிய உயர்வு கேட்கவும் துணியமாட்டார். தேங்கிய ஊதியம் கடனை வளர்க்கிறது; வளர்ந்த கடன் ஊதியத்தைக் கேட்கும் துணிவைப் பறிக்கிறது. இச்சுழற்சியே இப்பொருளின் உயிர்நாடி.

வருவாய் குறைந்தோரிடையே இச்சுழற்சி இன்னும் கொடியது. ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய்க்குள் வருவாயுள்ள குடும்பங்களுக்கான நுண்கடனில், எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருவாயின் பாதியைத் தாண்டக்கூடாது என 2022இல் ரிசர்வ் வங்கி விதித்தது. எனினும் கடன் வசூலில் நிகழ்ந்த கொடுமைகள் காரணமாக, கருநாடக அரசு 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டமே பிறப்பிக்க நேர்ந்தது. வன்முறை வசூலுக்குப் பத்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அது வழி செய்தது.

ஊதுவத்தி இயந்திரம் காட்டும் வழி

எல்லாக் கடனும் ஒரே தன்மையதன்று. மைசூரு ஊதுவத்திக்குப் பெயர் பெற்ற நகரம். ஊதுவத்தி உருட்டுதல் பெண்கள் வீட்டிலிருந்தே எடைக்கூலிக்குச் செய்துவந்த வேலை. இயந்திரம் இதிலும் நுழைந்துவிட்டது. காதி கிராமத் தொழில் ஆணையம் 2020இல் அறிவித்த திட்டத்தின் கணக்கு கருதத்தக்கது. ஒரு தானியங்கி இயந்திரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிலோ ஊதுவத்தி செய்யும். கிலோவுக்குக் கூலி 15 ரூபாய் எனில் மொத்தம் 1,200 ரூபாய். இயந்திரத்தை இயக்கும் நால்வருக்கும் தலா 300 ரூபாய். இயந்திர விலையில் 25 சதவீதம் மானியம். எஞ்சிய 75 சதவீதத்தைத் தொழிலாளர் எளிய தவணைகளில் செலுத்தலாம்.

இங்கும் கடன் உண்டு. ஆனால் தவணை முடிந்தபின் இயந்திரம் தொழிலாளியின் உடைமையாகிறது. அதே இயந்திரம் பிறர் உடைமையாயின், உயர்ந்த உற்பத்தியின் ஆதாயம் உடைமையாளரைச் சேரும். தொழிலாளிக்கு நாட்கூலியே மிஞ்சும். நுகர்வுக்கான கடன் நாளைய வருவாயை இன்றே உண்கிறது. கருவிக்கான கடனோ நாளைய வருவாயைப் பெருக்க வல்லது. ஆயினும், கையால் உருட்டிய பலரின் வேலையை இந்நால்வரே செய்துவிடுவதால், எஞ்சியோருக்கு மாற்று வேலை காண்பதும் திட்டத்தின் பகுதியாதல் வேண்டும்.

சட்டமும் கூட்டுப் பேரமும்

இயந்திரமயத்தின் ஆதாயத்தைப் பகிரும் நெறி நம் நாட்டில் முன்பே வகுக்கப்பட்டது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இயந்திரச் சீரமைப்பால் இருக்கும் தொழிலாளர் ஆட்குறைப்புக்கு ஆளாகக்கூடாது, ஆதாயம் நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்ற கொள்கைகளை ஏற்றது. தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியத்திற்கு மூன்று நுகர்வு அலகுகளையும், வயது வந்த ஒருவருக்கு 2,700 கலோரி உணவையும், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணியையும் அம்மாநாடே அளவுகோலாக்கியது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காக 25 சதவீதத்தையும் சேர்க்க வேண்டுமென்று 1991இல் உச்ச நீதிமன்றம் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் தீர்ப்பளித்தது.

ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றத்திற்கு முன்னறிவிப்புத் தர வேண்டுமென்ற 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் விதி, 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. அத்தொகுப்பும் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமேயிருந்த குறைந்தபட்ச ஊதிய உரிமை எல்லா ஊழியருக்கும் விரிந்தது. மறுபுறம், மூடுவதற்கு அரசின் அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்தப்பட்டதால், சிற்றாலைத் தொழிலாளரின் காப்பு சுருங்கியது.

முடிவு

விஜயநகரைச் சுற்றி நிகழ்ந்தவை மூன்று செய்திகளை உணர்த்துகின்றன. இயந்திரத்தைத் தடுப்பதால் வேலை நிலைக்காது. இயந்திரத்தின் ஆதாயம் தானாக ஊதியமாகவும் மாறாது. சங்கமும் சட்டமும் சேர்ந்து கேட்டால்தான் மாறும். ஊதியம் தர வேண்டிய இடத்தில் கடன் தரப்படுமாயின், அது உதவிபோலத் தோன்றினும் தொழிலாளியின் பேர வலிமையை அரித்துவிடும். ஆகவே புதிய இயந்திரத்திற்கு மானியமோ சலுகையோ வழங்கும் எந்தத் திட்டத்தையும் மதிப்பிடும் அலுவலர், உற்பத்தி எவ்வளவு பெருகியது என்பதோடு நிறுத்தாமல், அதை இயக்குபவரின் உண்மை ஊதியம் எவ்வளவு உயர்ந்தது, அவருடைய கடன் எவ்வளவு குறைந்தது என்ற இரண்டையும் சேர்த்தே கணக்கெடுத்தல் வேண்டும்.