சி.ஆர்.பி.: குருதியில் ஒலிக்கும் எச்சரிக்கை மணி

காய்ச்சல் விடுப்பு முடிந்து வரும் மாணவரின் இரத்தப் பரிசோதனைத் தாளில் ‘சி.ஆர்.பி.’ என்ற வரியைச் சில வேளைகளில் காண்கிறோம். சி-ரியாக்டிவ் புரதம் என்பதன் சுருக்கமே அது. நோய்த்தடைக் காப்பியல் பாடத்தை வாழ்க்கையோடு இணைக்க இது நல்ல வாயில்.

1930இல் நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் சீரத்தை ஆராய்ந்தனர். நிமோனியா பாக்டீரியாவின் ‘சி’ பாலிசாக்கரைடுடன் அது சேர்ந்தபோது வீழ்படிவு தோன்றியது. நோய் தணிந்ததும் அந்த வினை மறைந்தது. பெயரில் உள்ள ‘சி’ இதிலிருந்து வந்ததே.

உடலில் தொற்றோ காயமோ ஏற்படும்போது நோய்த்தடைக் காப்பு செல்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் செய்தி மூலக்கூறை வெளியிடுகின்றன. அதை ஏற்கும் கல்லீரல் சி.ஆர்.பி.யை உருவாக்குகிறது. ஐந்து ஒத்த அலகுகள் வளையமாக அமைந்த இப்புரதம், பாக்டீரியாவின் மேற்பரப்பிலும் சிதைந்த செல்களிலும் உள்ள பாஸ்போகோலினுடன் கால்சியத்தின் துணையால் பிணைந்து, அவற்றை அகற்ற வழிசெய்கிறது.

தூண்டல் ஏற்பட்ட சுமார் 6 மணி நேரத்தில் இதன் அளவு உயரத் தொடங்கி, 48 மணி நேர அளவில் உச்சம் அடைகிறது. எனவே மிக விரைவாக எடுத்த பரிசோதனையில் அளவு குறைவாக இருந்தால், நோயே இல்லை என்று முடிவு செய்யலாகாது. கடும் பாக்டீரியத் தொற்றில் அளவு பெரும்பாலும் மிக உயரும். எனினும் முடக்குவாதம், அறுவை சிகிச்சை, விபத்துக் காயம் ஆகியவற்றாலும் உயரும். மணி ஒலிப்பது தெரியும். தீ எங்கே என்பதை மருத்துவரே கண்டறிய வேண்டும். இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து, கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி உண்பது தவறு.

சி.ஆர்.பி. சற்றே உயர்ந்திருப்போருக்கு மாரடைப்பு வாய்ப்பும் கூடுதல். அப்படியானால் சி.ஆர்.பி.தான் காரணமா? மரபியல் வேறுபாட்டால் இப்புரதம் இயல்பாகவே கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு மிகுதியாக வருவதில்லை என்று ஆய்வுகள் காட்டின. உடன் நிகழ்வது வேறு, காரணமாவது வேறு என்பதை விளக்க இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வகுப்பறைச் செயல்பாடு: குருதியில் சி.ஆர்.பி.யின் அரை ஆயுட்காலம் சுமார் 19 மணி நேரம். ஒருவருக்கு லிட்டருக்கு 80 மில்லிகிராம் உள்ளது; புதிய உற்பத்தி முற்றிலும் நின்றுவிட்டது எனக் கொள்வோம். அளவு 10 ஆகக் குறைய எத்தனை மணி நேரம் ஆகும்? மாணவர்கள் வரைபடம் வரைந்து, 57 என்ற விடையைத் தாமே கண்டடையட்டும்.